கணினியிலிருந்து ரிசீவருக்கு 5.1 ஒலி: எங்கே சுருங்குகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி வைத்தாயிற்று. அவற்றை இயக்கும் ரிசீவர் இருக்கிறது. டிவிக்குப் பக்கத்தில் படம் பார்ப்பதற்கென்றே ஒரு கணினியும் இருக்கிறது. வயரெல்லாம் செருகிப் படத்தை ஓட்டினால் சத்தம் வருகிறது, ஆனால் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாயைத் திறப்பதில்லை. இல்லாவிட்டால் ஐந்திலும் ஒரே சத்தம் வருகிறது. திரையில் பேசுபவரின் குரல் முதுகுக்குப் பின்னாலும் கேட்கிறது. புதிதாக அமைப்பவர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பொருளில்தான் கோளாறு என்று நினைத்து வேறு கேபிள், வேறு ரிசீவர் என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒவ்வொன்றாக மொத்தம் ஆறு சேனல், அதாவது ஆறு தனித்தனி ஒலிகள். படத்தில் இருக்கும் இந்த ஆறு சேனல் ஒலி, ஸ்பீக்கரை வந்தடைவதற்குள் பல கை மாறுகிறது. கோப்பு, அதை ஓட்டும் பிளேயர், இயங்குதளம், கிராஃபிக்ஸ் டிரைவர், கேபிள், கடைசியில் ரிசீவர். இதில் யார் வேண்டுமானாலும் ஆறை இரண்டாகச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது, சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே நம் வேலை, எந்த இடத்தில் சுருங்குகிறது என்று கண்டுபிடிப்பது மட்டுமே. எல்லா செட்டிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணியாகச் சரிபார்த்துக்கொண்டு கணினிப் பக்கம் வர வேண்டும்.

முதலில் ஸ்பீக்கரும் ரிசீவரும்

கணினியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரிசீவரின் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களைப் பாருங்கள். ரிசீவரில் சிவப்பு முனை ஸ்பீக்கரில் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறியிருந்தால் சத்தம் வரும், ஆனால் பேஸ் மெலிந்து, நடுவிலிருந்து வர வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவிக் கிடக்கும். வயரின் தோலை உரிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உரித்தால் போதும். செம்பு இழைகளை இறுக்கி முறுக்கி, முழுவதும் துளைக்குள் போகும்படி செருகுங்கள். மயிரிழை மாதிரி ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். ‘ஆன் பண்ணினால் உடனே ஆஃப் ஆகிறது’ என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிறகு ரிசீவரை ஆன் செய்து, அதன் செட்டப் மெனுவில் டெஸ்ட் டோன் என்று இருப்பதைத் தேடி ஓட்டுங்கள். ‘உஸ்ஸ்’ என்ற ஓசை இடது முன், நடு, வலது முன், வலது பின், இடது பின் என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும், சப்வூஃபரில் உறுமலாகக் கேட்கும். திரையில் எந்த ஸ்பீக்கரின் பெயர் வருகிறதோ அதே ஸ்பீக்கரிலிருந்து ஓசை வருகிறதா என்று எழுந்து போய்க் காதை வைத்தே பாருங்கள். இந்த ஓசையை ரிசீவர் தானே உருவாக்குகிறது. எனவே இது சரியாகச் சுற்றி வந்துவிட்டால் ஸ்பீக்கர், வயர் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிச்சப் பிரச்சினை எல்லாம் இதற்கு முன்னால்தான் இருக்கிறது.

ரிசீவரின் முகப்பு என்ன சொல்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: காதைவிட ரிசீவரின் முகப்புத் திரையை நம்புங்கள். ஏனென்றால் காதை ஏமாற்றுவது சுலபம். ஏறக்குறைய எல்லா ரிசீவர்களிலும் ‘மல்டி சேனல் ஸ்டீரியோ’ அல்லது ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்று ஒரு முறை உண்டு. இரண்டே சேனல் வந்தாலும் அதையே எல்லா ஸ்பீக்கருக்கும் நகல் எடுத்து அனுப்பிவிடும். டால்பி சரவுண்ட், டிடிஎஸ் நியூரல் எக்ஸ் போன்ற முறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்டீரியோவை அலசிப் பின்னணி ஒலிகளைப் பிரித்துப் பின்பக்கம் தள்ளும். பழைய பாடல்களுக்கும் ஸ்டீரியோ படங்களுக்கும் அது நன்றாகவே இருக்கும். ஆனால் சோதிக்கும்போது அதெல்லாம் குறுக்கே வரக் கூடாது. ரிமோட்டில் ‘டைரக்ட்’ அல்லது ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற முறைக்கு மாற்றிவிடுங்கள். வருவதை மட்டும் வந்தபடி ஒலிக்கும்.

இப்போது ‘இன்ஃபோ’ பொத்தானை அழுத்தினால் உள்ளே வரும் சிக்னல் என்ன என்று ரிசீவர் காட்டும். ‘பிசிஎம்’ (அளவைக் குறைக்காத, பிரித்த நிலையிலுள்ள ஒலி) என்று மட்டும் காட்டி, எல், ஆர் என்ற இரண்டு எழுத்துப் பெட்டிகள் மட்டும் எரிந்தால் கணினியிலிருந்து வருவதே ஸ்டீரியோதான். ‘மல்டி சேனல் பிசிஎம்’ அல்லது ‘மல்டி இன்’ என்றால் கணினி ஒலியைப் பிரித்து ஆறு அல்லது எட்டு சேனலாக அனுப்புகிறது. ‘டால்பி டிஜிட்டல்’, ‘ட்ரூஎச்டி’, ‘டிடிஎஸ்’ என்று பெயர் வந்தால், கோப்பில் இடம் மிச்சப்படுத்தச் சுருக்கி வைத்திருந்த ஒலி (இந்தச் சுருக்கத்தில் சேனல் குறைவதில்லை) அப்படியே ரிசீவருக்கு வந்து அங்கே பிரிக்கப்படுகிறது. பின்வரும் ஒவ்வொரு படிக்குப் பிறகும் இந்த முகப்பைத் திரும்பிப் பாருங்கள்.

எந்தக் கேபிள்?

முடிந்தால் எச்டிஎம்ஐ. அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். கணினியின் கிராஃபிக்ஸ் வெளியீட்டிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு ஒன்று, ரிசீவரின் எச்டிஎம்ஐ வெளியீட்டிலிருந்து டிவிக்கு இன்னொன்று. படமும் ஒலியும் ஒன்றாகப் போகும். எச்டிஎம்ஐ தொடக்கத்திலிருந்தே எட்டு சேனல் வரை சுருக்காத ஒலியைக் கொண்டுபோகக் கூடியது. 2006இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய இரண்டும் பிரிக்கப்படாமலே போகின்றன. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை எச்டிஎம்ஐயாக மாற்றும் அடாப்டர் வழியாகவும் ஒலி போகும்.

ஆப்டிகல் கேபிளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒளியில் போகிறது, டிஜிட்டல், ஆகவே எல்லாம் போகும் என்று எண்ணம். அப்படி இல்லை. ஆப்டிகலும் அதன் செம்புத் தம்பியான கோஆக்சியலும் இரண்டு சேனல் பிசிஎம் ஒலிக்காக உருவானவை. ஆறு சேனல் வேண்டுமென்றால் அது டால்பி டிஜிட்டலாகவோ சாதாரண டிடிஎஸ்ஸாகவோ சுருக்கப்பட்டுத்தான் போக முடியும். டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் நொடிக்கு 640 கிலோபிட், டிடிஎஸ் ஏறத்தாழ 1.5 மெகாபிட் என்பதால் அந்தக் குறுகிய வழியில் அவை நுழைந்துவிடும். ட்ரூஎச்டி நுழையாது. பிரிக்கப்பட்ட ஆறு சேனல் பிசிஎம்மும் நுழையாது. விண்டோஸில் ஆப்டிகல் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு 5.1 என்ற விருப்பம் எங்கே என்று தேடினால் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். உங்கள் கணினியில் குறை இல்லை, அந்தக் கேபிளின் எல்லை அவ்வளவுதான்.

டிடிஎஸ்-எச்டி ஒலிக்குள் சாதாரண டிடிஎஸ் ஒரு கருவாகப் பொதிந்திருக்கும். ஆப்டிகலில் அந்தக் கருவை மட்டும் எடுத்து அனுப்பலாம், 5.1 கிடைத்துவிடும். ட்ரூஎச்டிக்கு அப்படி ஒரு கரு கிடையாது. ப்ளூ-ரே தட்டில் அதற்குத் துணையாக ஒரு டால்பி டிஜிட்டல் தடம் கூடவே இருக்கும். தட்டைக் கோப்பாக மாற்றும்போது அந்தத் துணைத் தடத்தை விட்டுவிட்டால், ஆப்டிகலில் இருப்பவருக்கு அந்தப் படத்திலிருந்து நேரடியாக எதுவும் போகாது. ஆப்டிகல்தான் வழி என்றால் அந்தத் துணைத் தடத்தைச் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியை அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது. ரிசீவர் பழையது, டிவியின் 4கே படத்தைக் கடத்தத் தெரியாது என்றால் இது தேவைப்படும். அப்போது டிவியில் இஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருக்கிறதா, ரிசீவரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த அது எல்லா வகை ஒலியையும் கடத்தும். பழைய ஏஆர்சி என்றால் ஆப்டிகலைப் போலத்தான்: சுருக்கப்பட்ட 5.1 போகும், மல்டி சேனல் பிசிஎம் போகாது. டிவியின் ஒலி செட்டிங்கில் ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று வைக்க வேண்டும்; ‘பிசிஎம்’ என்று இருந்தால் டிவியே எல்லாவற்றையும் ஸ்டீரியோவாக்கிவிடும். டிவியை நடுவில் விடாமல் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. சுருக்கக்கூடிய ஒரு கை குறைகிறது.

விண்டோஸில் செய்ய வேண்டியது

டிவி, ரிசீவர், கணினி என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். இது சடங்கு இல்லை. எச்டிஎம்ஐயில் இணைந்தவுடன் எதிர்முனைக் கருவி ‘எனக்கு இத்தனை சேனல் தெரியும், இந்த இந்த வடிவங்கள் தெரியும்’ என்று ஒரு விவரக் குறிப்பைக் கணினிக்குக் கொடுக்கும். அதற்கு ஈடிஐடி என்று பெயர். ரிசீவர் அணைந்திருக்கும்போது கணினி கிளம்பினால் பல ரிசீவர்கள் டிவியின் குறிப்பை அப்படியே கடத்திவிடும். டிவியில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். ஆகவே விண்டோஸ் ஸ்டீரியோ மட்டும்தான் உண்டு என்று முடிவு செய்துகொள்ளும். 5.1, 7.1 விருப்பங்கள் காணாமல் போவதற்கு நான் பார்த்தவரை இதுவே முதல் காரணம். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால், அல்லது ரிசீவரை ஆன் செய்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வந்துவிடும்.

எச்டிஎம்ஐ ஒலி, மதர்போர்டின் ஒலிச் சில்லு வழியாக வருவதில்லை. கிராஃபிக்ஸ் சில்லு வழியாக வருகிறது. ஆகவே தேவைப்படுவது இன்டெல், என்விடியா, ஏஎம்டி இவற்றில் உங்களிடம் எது இருக்கிறதோ அதன் கிராஃபிக்ஸ் டிரைவர். ரியல்டெக் டிரைவரை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் எச்டிஎம்ஐக்கு ஒன்றும் ஆகாது.

இனி செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், கீழே இறங்கினால் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’. பழைய தோற்றத்தில் ஒரு பெட்டி திறக்கும். அதன் ‘பிளேபேக்’ தாவலில் ரிசீவரின் பெயரோ மாடல் எண்ணோ தெரிய வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து இயல்புக் கருவியாக வைத்து, ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்துங்கள். ஸ்டீரியோ, 5.1, 7.1 என்று பட்டியல் வரும். உங்களிடம் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள், பெரிய எண்ணாக இருக்கட்டுமே என்று 7.1 வைக்க வேண்டாம். சில கணினிகளில் 5.1 இரண்டு தடவை தெரியும். ஒன்றில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டிலும் மற்றதில் பின்னாலும் வரைந்திருக்கும். இரண்டையும் ‘டெஸ்ட்’ அழுத்திப் பார்த்து, சரவுண்ட் இரண்டும் ஒலிப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பக்கத்தில் எந்தெந்த ஸ்பீக்கர்கள் முழு வீச்சுக் கொண்டவை என்று கேட்கும். எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள், உங்கள் ஸ்பீக்கர்கள் கையளவே இருந்தாலும் சரி. பேஸைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் வேலையை ரிசீவர் செய்யப்போகிறது; அதை இரண்டு பேர் செய்தால் குழப்பம்தான்.

பிறகு அதே கருவியின் ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து ‘அட்வான்ஸ்ட்’ தாவலில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். படங்களின் ஒலி பெரும்பாலும் 48000 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். அங்கேயே, செயலிகள் இந்தக் கருவியைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் இரண்டு பெட்டிகளும் டிக் ஆகியிருக்க வேண்டும். ஒலி மேம்பாடுகள் என்று ஏதாவது இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் வால்யூமை 100இல் நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவர் ரிமோட்டில் மட்டும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

‘டெஸ்ட்’ அழுத்தும்போது ஆறு ஸ்பீக்கரும் முறையாக ஒலித்து, ரிசீவர் முகப்பில் மல்டி சேனல் என்று வந்துவிட்டால் இயங்குதளம் வரை வழி திறந்துவிட்டது.

ஒருவேளை கணினியிலிருந்து டிவிக்கு ஒரு கேபிளும் ரிசீவருக்குத் தனியாக இன்னொரு கேபிளும் போட்டிருந்தால், விண்டோஸ் ரிசீவரையும் ஒரு மானிட்டராகவே நினைக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த இரண்டாவது திரையை அணைத்தால் ஒலியும் சேர்ந்து போய்விடும். இரண்டு திரைகளையும் ‘டூப்ளிகேட்’ முறையில் வைத்தால் மௌஸ் அந்தக் கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் போய் மறையாது.

லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸில் பவுகன்ட்ரோல் என்ற சிறு செயலியை நிறுவி, அதன் ‘கான்ஃபிகரேஷன்’ தாவலில் எச்டிஎம்ஐ கருவிக்கு ‘டிஜிட்டல் சரவுண்ட் 5.1’ என்ற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐ 2, எச்டிஎம்ஐ 3 என்று வரிசையாக நிற்கும்; செருகியிருப்பது எதுவோ அதுதான் வேலை செய்யும். எதுவுமே கேட்கவில்லை என்றால் டெர்மினலில் அல்சாமிக்ஸரைத் திறந்து டிஜிட்டல் வெளியீடு மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு எம் எழுத்து தெரிந்தால் மியூட் என்று அர்த்தம். எம் விசையை அழுத்தினால் திறக்கும். ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற கட்டளையை ‘-c 6 -t wav’ என்று சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் குரலிலேயே சொல்லிச் சோதிக்கும். மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ செயலியில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்து ‘கான்ஃபிகர் ஸ்பீக்கர்ஸ்’ அழுத்தி 5.1 வைத்தால் போதும்.

பிளேயர்: பிரித்து அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா?

சுருக்கப்பட்ட ஒலியை யார் பிரிப்பது என்பது இங்கே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. கணினியே பிரித்து ஆறு சேனல் பிசிஎம்மாக அனுப்பலாம். அல்லது பிரிக்காமல் அப்படியே ரிசீவரிடம் தள்ளிவிடலாம். இதைப் பாஸ்த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்கிறார்கள்.

ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லாத வடிவங்களில் இரண்டு வழியிலும் கடைசியில் கிடைக்கும் சேனல் ஒலி ஒன்றேதான். ரிசீவர் பிரித்தால்தான் தரம் என்று சொல்வதில் பெரிய பொருள் இல்லை. ரிசீவரின் முகப்பில் டால்பி என்று எரிவதைப் பார்க்க நன்றாக இருக்கும், அது வேறு விஷயம். புதியவர்களுக்கு நான் சொல்வது, எச்டிஎம்ஐ இருந்தால் முதலில் கணினியே பிரிக்கும்படி வையுங்கள். எல்லாக் கோப்பும் ஓடும், வால்யூம் வேலை செய்யும், நடுவில் அறிவிப்பு ஒலி வந்தாலும் எதுவும் தடுமாறாது. அது ஒழுங்காக வந்த பிறகு பாஸ்த்ரூவுக்குப் போகலாம்.

பாஸ்த்ரூ கட்டாயம் வேண்டியது இரண்டு பேருக்கு. ஒருவர், ஆப்டிகலில் இருப்பவர். இன்னொருவர், டால்பி அட்மாஸ் அல்லது டிடிஎஸ் எக்ஸ் வேண்டுபவர். அட்மாஸில் கூரைப் பக்கத்து ஒலிகள் தனிச் சேனலாக இருப்பதில்லை. இந்த ஒலி அறையின் இந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்ற குறிப்பாக ட்ரூஎச்டி அல்லது டால்பி டிஜிட்டல் பிளஸ் தடத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சாதாரண பிளேயர்கள் ஒலியைப் பிரிக்கும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், கையில் மிஞ்சுவது 5.1 அல்லது 7.1 மட்டும். தடம் கலையாமல் ரிசீவரை அடைந்தால்தான் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு வேலை கிடைக்கும்.

கோடி (Kodi) என்ற பிளேயரை எடுத்துக்கொள்வோம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆடியோ. இடது பக்கம் கீழே இருக்கும் பற்சக்கரத்தை ‘எக்ஸ்பர்ட்’ என்று மாற்றாவிட்டால் பாதி விருப்பங்கள் கண்ணிலேயே படாது. வெளியீட்டுக் கருவியில் வாசாபி (WASAPI) என்று தொடங்கி ரிசீவரின் பெயரோடு முடிவதைத் தேர்ந்தெடுங்கள். டைரக்ட்சவுண்ட் என்று தொடங்குவது வேண்டாம், அதில் பாஸ்த்ரூ முழுமையாகக் கிடைக்காது.

சேனல் எண்ணிக்கையில் எச்டிஎம்ஐ என்றால் உங்கள் உண்மையான அமைப்பு, அதாவது 5.1. ஆப்டிகல் என்றால் 2.0. ஆமாம், 5.1 ஒலி வேண்டியவரும் அங்கே 2.0 தான் வைக்க வேண்டும். ஏனென்றால் அந்த எண் பிரிக்கப்பட்ட பிசிஎம்முக்கானது, ஆப்டிகலில் அதற்கு இடம் இரண்டுதான். ஆறு சேனல் பாஸ்த்ரூ என்ற வேறு வாசல் வழியாகப் போகும். 5.1 என்று வைத்தால் சில கோப்புகளில் வசனம் மட்டும் காணாமல் போகும், நடுச் சேனல் போய்ச் சேர இடமில்லாமல் தொலைந்துவிடுகிறது.

அடுத்து ‘அலவ் பாஸ்த்ரூ’வை ஆன் செய்துவிட்டு, கீழே வரும் வடிவங்களில் உங்கள் ரிசீவருக்குத் தெரிந்ததை மட்டும் டிக் செய்யுங்கள். ரிசீவரின் முகப்பில் ஒட்டியிருக்கும் சின்னங்களையும் கையேட்டையும் பார்த்தால் தெரியும். தெரியாத வடிவத்தை அனுப்பினால் அமைதியாக இருக்கலாம். டிடிஎஸ் தடத்தைப் பிசிஎம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் ‘ஷ்ஷ்ஷ்’ என்று காதைக் கிழிக்கும் இரைச்சல் முழுச் சத்தத்தில் வரும். ஸ்பீக்கரில் கீச்சொலிகளைத் தரும் சிறு பகுதியான ட்வீட்டருக்கு அது நல்லதல்ல. ஆகவே பாஸ்த்ரூவை முதன்முதலில் சோதிக்கும்போது ரிசீவரின் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆப்டிகல்காரர்கள் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டை மட்டும் டிக் செய்துவிட்டு, டால்பி டிஜிட்டல் (ஏசி3) டிரான்ஸ்கோடிங்கையும் ஆன் செய்யுங்கள். ஏஏசி வடிவத்தில் 5.1 இருக்கும் கோப்புகள் ஏராளம். பெரும்பாலான ரிசீவர்களுக்கு அதை அப்படியே அனுப்பிப் பயன் இல்லை. டிரான்ஸ்கோடிங் இருந்தால் கோடி அதைப் பிரித்து, உடனுக்குடன் டால்பி டிஜிட்டலாக மறுபடி சுருக்கி அனுப்பும். எச்டிஎம்ஐயில் இதற்குத் தேவையே இல்லை, பிரித்த ஆறு சேனலும் நேராகப் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பாஸ்த்ரூ வேலை செய்யவில்லையா? வீடியோ செட்டிங்ஸில் ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒலியின் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்க வேண்டியிருப்பதால் கலையாத தடத்தோடு ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

விஎல்சியில் ப்ரிஃபரன்ஸஸில் ஆடியோ பகுதியில் பாஸ்த்ரூவுக்கு ஒரே ஒரு விருப்பம் இருக்கிறது, அதை மாற்றிவிட்டு விஎல்சியை மூடித் திறந்தால் போதும். எம்பிசி-எச்சியில் எல்ஏவி ஆடியோ டிகோடரின் பிட்ஸ்ட்ரீமிங் பகுதியில் வடிவங்களை டிக் செய்ய வேண்டும்.

கோப்பில் ஆறு சேனல் இருக்கிறதா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் வழி திறந்த பிறகு பார்ப்பதே எளிது. மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்தால் ஆடியோ பகுதியில் வடிவமும் சேனல் எண்ணிக்கையும் தெரியும். ஏசி-3, 6 சேனல் என்றால் நல்லது. 2 சேனல் என்றால் உங்கள் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை, படத்தில் இருப்பதே அவ்வளவுதான். ஒரே கோப்பில் இரண்டு மூன்று தடங்கள் இருப்பதும் உண்டு. முதல் தடம் ஸ்டீரியோவாகவும் அடுத்தது 5.1 ஆகவும் இருந்தால் பிளேயரில் தடத்தை மாற்ற வேண்டும்.

உலாவியில் பார்க்கும் ஓடிடி படங்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவாகத்தான் வரும். அதே படம் டிவியின் சொந்தச் செயலியில் 5.1 ஆக வருகிறதென்றால் அதை டிவியிலேயே ஓட்டி ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு அனுப்புங்கள். இதற்காகக் கணினியோடு போராடுவது வீண் உழைப்பு.

விளையாட்டுகளின் கதை வேறு. அங்கே ஒலி முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பதில்லை, ஆடும்போதுதான் உருவாகிறது. எச்டிஎம்ஐயில் விண்டோஸை 5.1 என்று வைத்திருந்தால் விளையாட்டு தானாக ஆறு சேனலையும் நிரப்பும். ஆப்டிகலில் அது ஸ்டீரியோவாகிவிடும். டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் இருக்கும் ஒலிச் சில்லு மட்டும் அதை உடனுக்குடன் சுருக்கி ஆறாக அனுப்பும்.

ஸ்பீக்கரை வைக்கும் இடமும் அளவீடும்

உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை, சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகை. அதாவது சரவுண்ட் ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராக அல்லது சற்றே பின்னால். அறையின் பின் மூலையில் கொண்டுபோய் வைப்பதுதான் சரவுண்ட் என்று பலர் நினைக்கிறார்கள், 5.1க்கு அது தேவையில்லை. பின்சுவரில் வைக்கும் ஸ்பீக்கர்கள் 7.1இல் வருபவை.

ரிசீவரோடு ஒரு சிறிய மைக் வந்திருக்கும். அதைச் சோபாவின் மேல் போடாமல், தலை இருக்கும் இடத்தில் காது உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, அறையை அமைதியாக்கிவிட்டு அளவீட்டை ஓட்டுங்கள். ஆடிசி, யமஹாவின் ஒய்பிஏஓ, டிராக் என்று பெயர் எதுவாக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் அளந்து சமன் செய்வது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்.

முடிந்ததும் முடிவுகளைத் திறந்து பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று அது முடிவு செய்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்; அதற்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையானதைவிட அதிகமாகக் காட்டலாம். டேப் வைத்து அளந்து அதைத் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் அந்த எண்ணைத் தந்திருக்கிறது. வசனம் கொஞ்சம் அமுங்கிக் கேட்டால் நடு ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். இதில் எந்தக் குற்றமும் இல்லை, வசனம் புரிவதுதானே முக்கியம்.

அப்புறமும் வரும் சில தொந்தரவுகள்

படம் தொடங்கும்போது முதல் ஒரு நொடி ஒலி வெட்டுப்பட்டால், ரிசீவர் புதிய சிக்னலைப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. கோடியில் ‘கீப் ஆடியோ டிவைஸ் அலைவ்’ என்பதை ‘ஆல்வேஸ்’ என்று வைத்தால் இணைப்பு அறுபடாமல் இருக்கும்.

வாயசைவும் குரலும் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் டிவி படத்தைச் செம்மைப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கிறது, ஒலி முந்திவிடுகிறது. டிவியைக் ‘கேம்’ முறைக்கு மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் ரிசீவரின் லிப் சிங்க் பகுதியில் 10, 20 மில்லிநொடியாகக் கூட்டிக்கொண்டே போங்கள், கதவு மூடும் காட்சி மாதிரி கூர்மையான ஓசை உள்ள இடத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துவது உடனே தெரியும்.

டிவியில் ஒலி வருகிறது, ரிசீவரில் வரவில்லை என்றால் ரிசீவர் மெனுவில் எச்டிஎம்ஐ ஆடியோ வெளியீடு ‘டிவி’ என்று இருக்கும். அதை ரிசீவர் அல்லது ‘ஆம்ப்’ பக்கம் மாற்ற வேண்டும்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று ஸ்டீரியோ என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கணினி ஸ்லீப்பிலிருந்து எழுந்தபோது ரிசீவர் அணைந்திருந்ததா? அப்படியானால் மேலே சொன்ன அதே ஈடிஐடி விவகாரம்தான். இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகப் பதிந்திருக்கும், கூடவே ‘கான்ஃபிகர்’ பக்கத்தில் நீங்கள் வைத்த 5.1 மறுபடி ஸ்டீரியோவாக மாறியிருக்கும். அதைத் திரும்ப வைத்துவிட்டு, கோடியில் வெளியீட்டுக் கருவியின் பெயர் மாறியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.